விமானத்தில் பொருத்தும் மின்னணுப் பெட்டியின் காந்தப்புலத்தை எப்படி அளப்பது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் அமரும் பயிற்சி விமானத்தில் பொருத்த, என்ஜின் கண்காணிப்புத் திரை ஒன்றைக் கேட்டவரின் குழு தயாரித்திருக்கிறது. இஎம்ஐ (மின்காந்த இடையூறு) சோதனையில் பாஸ் ஆகிச் சான்றும் வாங்கிவிட்டார்கள். இப்போது "காந்தப்புலத்தைத் தனியாக அளந்து கொடுங்கள்" என்று கேட்கிறார்களாம். போனில் ஒரு ஆப் போட்டுப் பெட்டியின் அருகே வைத்தால் 48 மைக்ரோடெஸ்லா காட்டுகிறது. இது அதிகமா, எவ்வளவு வரை அனுமதி, இஎம்ஐ சான்றிலேயே இது அடங்காதா, பக்கத்தில் உட்காரும் விமானிக்கு ஏதாவது கெடுதலா என்று கேட்டிருக்கிறார்.

நான்கு கேள்வி போலத் தெரிந்தாலும் உண்மையில் கேட்கப்படுவது ஒன்றுதான்: இந்தப் பெட்டி விமானத்தின் திசைகாட்டியைக் குழப்புமா, குழப்பாமல் இருக்க எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்? அதனால் உங்களிடம் கேட்கப்படும் விடையும் மைக்ரோடெஸ்லாவில் முடிவதில்லை, சென்டிமீட்டரில்தான் முடிகிறது. ஏவியானிக்ஸ், அதாவது விமான மின்னணுக் கருவிகளின் சோதனை வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். எது உறுதி, எது இடத்துக்கு இடம் மாறும் என்பதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த 48. தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலமே ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா இருக்கும். பெட்டியே இல்லாத வெறும் மேசையில் போனை வைத்தாலும் அது காட்டத்தான் செய்யும். மீதி 7, 8 உங்கள் பெட்டியிலிருந்து வந்திருக்கலாம். தரைக்கு அடியில் உள்ள கம்பியிலிருந்தோ, மேசையின் இரும்புக் காலிலிருந்தோ, போனுக்குள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர் காந்தத்திலிருந்தோகூட வந்திருக்கலாம். போனில் உள்ள சென்சார் பெரும்பாலும் ஹால் வகை. ஒரு படிக்கு 0.15 அல்லது 0.3 மைக்ரோடெஸ்லா என்ற அளவில்தான் அதனால் பிரித்துப் பார்க்க முடியும். அதோடு போனின் மென்பொருள் உங்களைக் கேட்காமலே அவ்வப்போது தன்னைச் சரிசெய்துகொண்டு பூஜ்யத்தை நகர்த்திவிடும். நாம் தேடும் எல்லையே 0.3 மைக்ரோடெஸ்லாதான் என்று கீழே பார்க்கப் போகிறோம். ஆகவே பெட்டியின் எந்த மூலையில் காந்தம் அதிகம் என்று தடவிப் பார்க்கப் போன் நல்ல கருவி. அறிக்கையில் எழுதும் எண்ணுக்கு அது உதவாது.

இஎம்ஐ சான்று போதாதா என்பதற்கு விடை தெளிவானது: போதாது. விமானக் கருவிகளுக்கான சோதனைத் தரம் அமெரிக்காவின் ஆர்டிசிஏ என்ற அமைப்பு வெளியிடும் டிஓ-160. 2010 டிசம்பரில் வந்த ஜி பதிப்பை எடுத்துக்கொண்டால், அதன் 21ஆம் பிரிவு ரேடியோ அலை உமிழ்வைப் பற்றியது. வயர் வழியாகப் போவதை 150 கிலோஹெர்ட்ஸிலிருந்தும், காற்றில் பரவுவதை 100 மெகாஹெர்ட்ஸிலிருந்தும் அது பார்க்கத் தொடங்குகிறது. திசைகாட்டியை இழுப்பதோ அசையாத காந்தப்புலம், அதாவது பூஜ்ய ஹெர்ட்ஸ். ஒரு பெரிய ஸ்பீக்கர் காந்தத்தைப் பெட்டிக்குள் ஒட்டி வைத்தாலும் 21ஆம் பிரிவின் சோதனையில் அது கண்ணில் படாது. ராணுவத் தரமான மில்-எஸ்டிடி-461ல் ஆர்இ101 என்ற காந்தப்புலச் சோதனை இருக்கிறது. 13.3 சென்டிமீட்டர் விட்டமும் 36 சுற்றும் கொண்ட வளையச் சுருளைப் பெட்டியிலிருந்து 7 சென்டிமீட்டரில் பிடித்து அளப்பார்கள். ஆனால் அதுவும் 30 ஹெர்ட்ஸிலிருந்துதான் தொடங்குகிறது. சுருளில் மின்னழுத்தம் உண்டாகப் புலம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். நிலையான புலத்தைச் சுருள் உணராது.

உங்களிடம் கேட்கப்படுவது அதே டிஓ-160ன் 15ஆம் பிரிவு, 'காந்த விளைவு' சோதனை. அதன் கருத்து எளியது. தடையில்லாமல் சுழலும் ஒரு காந்த ஊசியை எடுத்துக்கொள்கிறார்கள். பூமியின் கிடைமட்டப் புலம் மீட்டருக்கு 14.4 ஆம்பியர் இருக்கும் இடத்தில், அந்த ஊசியை உங்கள் பெட்டி சரியாக 1 டிகிரி விலக்கும் தூரம் எது என்று பார்க்கிறார்கள். அந்தத் தூரத்தை வைத்துப் பெட்டிக்கு ஒரு வகை எழுத்து கொடுப்பார்கள். 0.3 மீட்டர், 1 மீட்டர், 3 மீட்டர் என்பவை அந்த வகைப்பாட்டில் வரும் முக்கியமான தூரங்கள். பாஸ், பெயில் என்ற பேச்சே இந்தச் சோதனையில் இல்லை. வந்த தூரத்தை நேர்மையாகச் சொல்வதுதான் உங்கள் பொறுப்பு. அதைப் பார்த்து எங்கே பொருத்தலாம் என்பதை விமானத்தில் நிறுவுகிறவர் முடிவு செய்வார்.

கணக்கைப் பாருங்கள். மீட்டருக்கு 14.4 ஆம்பியர் என்பது 18.1 மைக்ரோடெஸ்லா. அதற்குச் செங்குத்தாக வந்து ஊசியை 1 டிகிரி திருப்பத் தேவையான புலம் 18.1ஐ டான் 1 டிகிரியால் பெருக்கினால் வரும்: 0.316 மைக்ரோடெஸ்லா. இதுதான் நீங்கள் தேடும் எல்லை.

நம் ஊரில் சோதனை செய்கிறவர்கள் பலர் கோட்டை விடும் இடமும் இதுதான். அந்த 14.4 என்பது ஏறக்குறைய மேற்கு ஐரோப்பாவின் கிடைமட்டப் புலத்துக்குப் பக்கத்தில் வரும் எண். நாம் காந்த நடுக்கோட்டை ஒட்டி வாழ்கிறோம். அந்தக் கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டியே போவதால் இங்கே புலம் கிட்டத்தட்ட முழுவதும் கிடைமட்டமாகவே இருக்கிறது. சென்னையில் கிடைமட்டப் பகுதி மட்டுமே ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா, அதாவது மீட்டருக்குச் சுமார் 32 ஆம்பியர். பூமி இவ்வளவு பலமாக ஊசியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அதே பெட்டியால் அதே தூரத்தில் அதை அரை டிகிரிகூடத் திருப்ப முடியாது. தரம் இதற்கு வழி வைத்திருக்கிறது: 14.4ஐ உங்கள் இடத்தின் கிடைமட்டப் புலத்தால் வகுத்து, வரும் கோணத்தை 1 டிகிரிக்குப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டும். சென்னையில் அது 0.45 டிகிரி. இதைச் செய்யாமல் சென்னையில் 1 டிகிரி வரும்வரை பெட்டியை நெருக்கிக்கொண்டே போனால், உண்மையைவிடக் குறைந்த தூரம் கிடைக்கும். பெட்டி நல்ல பிள்ளையாகத் தெரியும். அதே விமானம் கனடாவின் வடக்கே பறந்தால், கிடைமட்டப் புலம் 6 மைக்ரோடெஸ்லா மட்டுமே உள்ள இடத்தில், அதே 0.316 மைக்ரோடெஸ்லா ஊசியை 3 டிகிரி இழுக்கும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். விமானத்தில் இருக்கும் சாதாரணத் திசைகாட்டி அட்டையில் 5 டிகிரிக்கு ஒரு கோடுதான் போட்டிருப்பார்கள். அதில் 0.45 டிகிரியைக் கண்ணால் படிக்கவே முடியாது. அதனால் மூன்று அச்சு ஃபிளக்ஸ்கேட் மேக்னட்டோமீட்டர் ஒன்றை, அதாவது மூன்று திசையிலும் காந்தப்புலத்தை நுணுக்கமாக அளக்கும் கருவியை, வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ செய்யுங்கள். நானோடெஸ்லா அளவு மாற்றத்தை அது காட்டும். ஊசிக்குப் பதில் அதற்கு இணையான சென்சாரைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

அளக்கும் விதம் இப்படி. மர மேசை வேண்டும். ஆணி, ஸ்க்ரூ, இழுப்பறைத் தண்டவாளம் எதிலும் இரும்பு கூடாது. ஃபிளக்ஸ்கேட்டை மேசையில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், பிறகு அதைத் தொடவே கூடாது. ஒரு டிகிரி சாய்ந்தால்கூட பூமியின் 40 மைக்ரோடெஸ்லா 0.7 மைக்ரோடெஸ்லா நகர்ந்துபோகும். நீங்கள் தேடும் எல்லையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அது. சென்சாரிலிருந்து கிழக்கு மேற்காக ஒரு கோடு போட்டு, பெட்டியை அந்தக் கோட்டின் மேலேயே நகர்த்துங்கள். கிழக்கு மேற்காக வரும் புலம்தான் வடக்கு நோக்கி நிற்கும் ஊசியை அதிகம் விலக்கும். ஒவ்வொரு தூரத்திலும் பெட்டியின் ஆறு பக்கங்களையும் சென்சாரைப் பார்க்கத் திருப்பி, எது மோசமான பக்கமோ அதைக் குறியுங்கள். மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையை 3, 4 மீட்டர் தள்ளி வைத்து, அதிலிருந்து வரும் இரண்டு வயரையும் முறுக்கிக் கொண்டுவாருங்கள். மேசைக்குப் பக்கத்தில் நிற்பவரின் சட்டைப்பையில் போன், இடுப்பில் இரும்பு பக்கிள், கையில் சாவிக்கொத்து இருக்கக் கூடாது. சென்சாருக்கு அரை மீட்டரில் ஒரு பெல்ட் பக்கிள் வந்து நின்றால் எண் ஓடுவதை நீங்களே பார்க்கலாம்.

இடமும் முக்கியம். கான்கிரீட் கட்டடத்துக்குள் அளந்தால் கம்பிகள் புலத்தை அடிக்கு அடி மாற்றிவிடும். ஓரளவு திறந்தவெளி நல்லது. பெங்களூரில் இருந்தால் மெட்ரோவை மறக்காதீர்கள். அங்கே ரயிலுக்கு 750 வோல்ட் டிசி மூன்றாம் தண்டவாளம் வழியாகப் போகிறது. டிசி ரயிலின் மின்னோட்டம் தண்டவாளத்திலும் மண்ணிலும் ஓடி, கிலோமீட்டர் கணக்கில் தள்ளியும் நுண்ணிய அளவீட்டைக் கலைக்கும். பம்பாயில் டிராம் வண்டிகள் மின்சாரத்துக்கு மாறப்போகின்றன என்பதற்காகத்தான் கொலாபாவில் பல பத்தாண்டுகளாக நடந்த காந்தப் பதிவுகளை 1904ல் அலிபாக்குக்கு மாற்றத் தொடங்கி, 1906 வரை இரண்டு இடத்திலும் சேர்த்துப் பதிந்து ஒப்பிட்டார்கள். சென்னை மெட்ரோ 25 கிலோவோல்ட் ஏசியில் ஓடுவதால் இந்தத் தொல்லை அங்கே குறைவு. பிறகு, நம் பகுதிக்கே உரிய ஒன்று உண்டு: காந்த நடுக்கோட்டுக்கு மேலே, தரையிலிருந்து 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல், பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் பாய்கிறது. நண்பகலை ஒட்டித் தென்தமிழகத்தில் கிடைமட்டப் புலம் அதனால் 100 நானோடெஸ்லா அளவுக்கு ஏறி இறங்கும். திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் எல்லை 316 நானோடெஸ்லா என்பதால் இதை அலட்சியம் செய்ய முடியாது. மாற்றம் மெதுவாக நடப்பதால் தப்பிக்க வழி இருக்கிறது: பெட்டி இல்லாமல், பெட்டியோடு, மறுபடி இல்லாமல் என்று சில நிமிடங்களுக்குள் மூன்று அளவு எடுத்து, முதல் கடைசி இரண்டின் சராசரியை நடுவில் உள்ளதிலிருந்து கழியுங்கள்.

ஒவ்வொரு நிலையிலும் பெட்டியை அணைத்து ஒரு அளவு, முழு வேலையில் ஓடவிட்டு ஒரு அளவு எடுங்கள். தரம் கேட்பது மோசமான நிலையின் தூரத்தை மட்டும்தான். நான் இரண்டையும் தனித்தனியே எழுதச் சொல்வேன், ஏனென்றால் இரண்டும் விமானத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அணைத்திருக்கும்போதும் இருக்கும் காந்தம் விமானத்தோடு சேர்ந்தே திரும்புகிறது, எப்போதும் ஒரே அளவில் இருக்கிறது. அதைத் திசைகாட்டியில் உள்ள ஈடுசெய்யும் சிறு காந்தங்களைத் திருகிப் பெருமளவு சமன்செய்துவிடலாம். சுவிட்ச் போட்டால் வந்து, அணைத்தால் போய்விடும் புலத்தை எந்தத் திருகாலும் சமன்செய்ய முடியாது. 2 டிகிரி நிலையான பிழையைவிட, திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும்போது வந்து போகும் 2 டிகிரிதான் எனக்குக் கவலை தரும். மேகத்துக்குள் மற்ற கருவிகளை இழந்த ஒரு பயிற்சி விமானிக்குக் கடைசியில் மிச்சமிருப்பது திசைகாட்டி என்ற அந்தத் திரவம் நிரம்பிய சின்னக் கிண்ணம்தான்.

தூரத்தைக் கணக்கிட ஒரு வழி. பெட்டியின் அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் தள்ளிப் போனால் புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். அரை மீட்டரில் 2 மைக்ரோடெஸ்லா வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2ஐ 0.316ஆல் வகுத்தால் 6.33, அதன் கன மூலம் 1.85, அரை மீட்டரால் பெருக்கினால் ஏறக்குறைய 93 சென்டிமீட்டர். இதை அப்படியே அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். 93 சென்டிமீட்டரில் பெட்டியை வைத்து மறுபடி அளந்து பாருங்கள். கணக்குக்கும் அளவுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால், புலம் பெட்டியிலிருந்து வரவில்லை, வயரிலிருந்து வருகிறது என்று அர்த்தம். வயருக்கு மூன்றாம் அடுக்கு விதி பொருந்தாது.

வயரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 5 ஆம்பியர் டிசி ஓடும் ஒற்றை வயர், 30 சென்டிமீட்டர் தூரத்தில் 3.3 மைக்ரோடெஸ்லா புலத்தை உண்டாக்கும். நம் எல்லையைப்போல் பத்து மடங்கு. சிறிய விமானங்களில் மின்னோட்டம் ஒரு வயரில் போய், விமானத்தின் உலோக உடல் வழியாகத் திரும்பும் அமைப்பு சாதாரணம். போகும் பாதையும் திரும்பும் பாதையும் விலகியிருப்பதால் ஒன்றை ஒன்று அழிப்பதில்லை. மேசையில் உங்கள் பெட்டி 20 சென்டிமீட்டர் என்று அருமையாக வந்திருக்கும். விமானத்தில் அதன் பவர் வயர் திசைகாட்டிக்குப் பின்னால் ஒற்றையாகப் போனால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. அதனால் திரும்பும் வயரையும் கூடவே முறுக்கிக் கொண்டுபோக வேண்டும் என்று நிறுவல் கையேட்டில் எழுதுங்கள். பெட்டிக்குள் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை பஸ்ஸர், ஸ்பீக்கர், குளிர்விக்கும் ஃபேன், ரிலே. அதற்குப் பிறகு லித்தியம் செல்களின் இரும்பு உறை, கனெக்டரின் இரும்பு ஓடு, ஸ்க்ரூக்கள். ஸ்க்ரூக்களை லேசாக எண்ண வேண்டாம். காந்த முனை வைத்த ஸ்க்ரூடிரைவரால் ஒரு தடவை இறுக்கினாலே இரும்பு ஸ்க்ரூ காந்தமாகிவிடும். பித்தளை நல்லது. 300 வரிசை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் சரி, ஆனால் குளிர்நிலையில் அடித்து வளைத்த பாகங்களில் அது கொஞ்சம் காந்தத்தன்மை பெறும் என்பதை நினைவில் வையுங்கள். அலுமினிய உறை போட்டிருக்கிறோமே என்று நம்ப வேண்டாம். அசையாத புலம் அலுமினியத்தை அப்படியே கடந்துவிடும். காந்தப்புலத்தைத் தன் வழியே இழுத்துக்கொள்ளும் மியூ-மெட்டல் என்ற உலோகக் கலவைத் தகடு உதவும், ஆனால் வளைத்தாலோ கீழே போட்டாலோ அதன் குணம் குறையும். காந்தத்தை மூடி மறைப்பதைவிட, அதை உள்ளே வைக்காமலே பெட்டியை வடிவமைப்பது மேல்.

விமானத்தில் மின்னணுத் திசைச் சென்சாரும் இருந்தால், அதாவது இறக்கையிலோ வாலிலோ மேக்னட்டோமீட்டர் வைத்த ஏஎச்ஆர்எஸ் வகைக் கருவி இருந்தால், 15ஆம் பிரிவின் எண்ணை அதற்கு நேரடியாகப் பொருத்த முடியாது. எவ்வளவு குழப்பத்தைத் தாங்கும் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். அவர்களின் நிறுவல் கையேட்டில் உள்ள தூர அட்டவணையைத்தான் பின்பற்ற வேண்டும். ஊசி 400 ஹெர்ட்ஸ் ஏசி புலத்தைக் கண்டுகொள்ளாது, சராசரி பூஜ்யம் என்பதால் அசையாமல் நிற்கும். டிஜிட்டல் சென்சார் அப்படியில்லை. நொடிக்கு இத்தனை முறை என்று மாதிரி எடுப்பதால், வேகமாக மாறும் புலம் அதன் கண்ணுக்கு மெதுவாக ஆடும் புலமாகத் தெரியலாம். உங்கள் திரையின் வெளிச்சத்தைத் துடிப்பு முறையில் கூட்டிக் குறைக்கிறீர்கள் என்றால், இதையும் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.

உடல்நலம் பற்றிக் கேட்டதற்குச் சுருக்கமான பதில். 50 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை பொதுமக்களுக்கு ஐசிஎன்ஐஆர்பி என்ற சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழு 2010ல் பரிந்துரைத்த எல்லை 200 மைக்ரோடெஸ்லா. நாம் தேடும் எல்லை அதில் நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவு, அதுவும் அசையாத புலம். விமானிக்கு இதனால் கெடுதல் இல்லை. இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 2.1 மீட்டரில் 0.159 ஆம்பியர்/மீட்டர் என்று ஒரு எண் இணையத்தில் கண்ணில் படும். அது காந்தப் பொருளைச் சரக்காக விமானத்தில் அனுப்பும்போது அதை ஆபத்தான சரக்காகக் கொள்வதா என்று பார்க்கும், விமான நிறுவனங்களின் சங்கமான ஐஏடிஏவின் விதி. பொருத்தப்படும் கருவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கடைசியாக, மேசையில் எவ்வளவு கவனமாக அளந்தாலும் அது பெட்டியைப் பற்றி மட்டும்தான் சொல்லும். விமானத்தின் எஃகுக் குழாய்களும் மற்ற கருவிகளும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை விமானத்தில்தான் பார்க்க முடியும். பெட்டியைப் பொருத்திய பிறகு காம்பஸ் ஸ்விங் கட்டாயம் செய்ய வேண்டும். கட்டடங்களுக்கும் நிலத்தடிக் கேபிளுக்கும் தள்ளி, அளந்து குறித்த தளத்தில் விமானத்தை நிறுத்தி, என்ஜினையும் ஆல்டர்னேட்டரையும் ஓடவிட்டு, 30 டிகிரிக்கு ஒருமுறை திருப்பித் திருப்பி விலகலைக் குறிக்க வேண்டும். கிழக்கு மேற்கு விலகல்களின் வித்தியாசத்தில் பாதியையும், வடக்கு தெற்கு விலகல்களின் வித்தியாசத்தில் பாதியையும் பித்தளை ஸ்க்ரூடிரைவரால் திருகி எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு மிஞ்சும் விலகல் எந்தத் திசையிலும் 10 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க விதிகளில் பழைய பகுதி 23லும் (சிறிய விமானங்கள்) பகுதி 25லும் (பெரிய விமானங்கள்) உள்ள வரம்பு. 2017க்கு முந்தைய பகுதி 23, எந்த மின்சுமையைப் போட்டால் 10 டிகிரிக்கு மேல் விலகும் என்பதையும் திசைகாட்டிக்குப் பக்கத்தில் அட்டையில் எழுதி ஒட்டச் சொன்னது. ஸ்விங் செய்பவரிடம் உங்கள் திரையை அணைத்து ஒரு சுற்று, முழு வெளிச்சத்தில் போட்டு ஒரு சுற்று எடுக்கச் சொல்லுங்கள். முழுச் சுற்றுக்கு நேரமில்லை என்றால் வடக்கு, கிழக்கு இரண்டிலாவது சுவிட்சைப் போட்டு அணைத்து அட்டை நகர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நகர்ந்தால் முதலில் பவர் வயர் போகும் வழியைப் பாருங்கள்; பிறகு பெட்டியை ஒரு இடம் தள்ளிப் பொருத்த முடியுமா என்று பாருங்கள்.

மேசையில் எடுத்த அளவுகளை, அணைத்ததும் ஓடவிட்டதும் தனித்தனியாக, தூரத்தோடும் அளந்த ஊரின் கிடைமட்டப் புலத்தோடும் இங்கேயே போட்டால் கணக்கைச் சரிபார்த்துச் சொல்கிறேன். பெட்டிக்குள் இருக்கும் ஃபேன், பஸ்ஸர், ரிலே இவற்றின் பட்டியலையும் சேர்த்துப் போடுங்கள்.